பிலோமினா அளவெடுத்த கடல்சட்டை

1

போன வருஷம் ஆவணியில் நோர்வேக் கடலில் இறங்கி ஏறியபோது, கடலில் பாதியை உடுப்புக்குள் கொண்டுவந்தேன். வாடகைக்கு எடுத்த ட்ரைசூட். கழுத்துப் பக்கத்தால் தண்ணீர் புகுந்து, நெஞ்சு வயிறு தொடை எல்லாம் நனைத்து, கடைசியில் சப்பாத்துக்குள் போய்க் குந்திக்கொண்டது. ஏணியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. மூட்டை ஏற்றுவது போல இரண்டு பேர் சேர்ந்து என்னைத் தூக்கிப் படகுக்குள் போட்டார்கள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு ட்ரைசூட் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. முல்லைத்தீவில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கலாம். இங்கே அப்படிக் குதித்தால் கொஞ்ச நேரத்தில் கையும் காலும் சொன்னதைக் கேளாது. அதனால் தலையும் கையும் மட்டும் வெளியில் நிற்க, மிச்ச உடம்பு முழுவதையும் தண்ணீர் படாமல் மூடுகிற ஒரு முழுச் சட்டை போட்டுத்தான் இறங்கவேண்டும். உள்ளே கம்பளி உடுப்பு. சட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் கொஞ்சம் காற்று. ஆளைக் குளிரில் காப்பாற்றுவது அந்தக் காற்றுத்தான். நான் அதுக்கு வைத்திருக்கிற பெயர் கடல்சட்டை.

என் மகள் நிரோஜா படகில் நின்று என்னைப் பார்த்தாள். சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். சிரிக்கவில்லை.

"அப்பா, இனி வாடகைச் சூட்டோட வராதேங்கோ. உங்கடை உடம்புக்கு அது சரிவராது. அளவெடுத்து ஒண்டு செய்வியுங்கோ. இல்லாட்டி இனி இறங்கவேண்டாம். எனக்குப் பயமாக் கிடக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமென்றால் எனக்குப் பழக்கம், திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன்.

நிரோஜா எங்களுக்கு ஒரே பிள்ளை. நாங்கள் இருக்கிறது நோர்வேயின் வடக்கில் ஒரு மீன்பிடி ஊர். அவள் இருக்கிறது தெற்கே ஒரு தீவில். விமானம் ஏறி, பஸ் ஏறி, பிறகு கப்பலும் ஏறித்தான் போகவேண்டும். கடலுக்கு அடியில் காடு மாதிரி வளர்கிற பாசியை ஆராய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்க்குப் போன் எடுப்பாள். நான் வாங்கிக் கதைத்தால் தமிழில் தொடங்குவாள். இரண்டு வசனம் போனபிறகு ஒரு சொல் தட்டுப்படும், நோர்வேஜியனுக்குப் போய்விடுவாள். நான் மீன் பக்டரியில் பொறுக்கின என்ரை நோர்வேஜியனில் பதில் சொல்வேன். அது அவளுக்குப் பாதி விளங்கும், மீதி கூச்சம். "சரி அப்பா, அம்மாட்டைக் குடுங்கோ" என்பாள். அவ்வளவுதான் எங்கள் கதை.

ஆவணியில் மட்டும் ஒரு கிழமை நான் அவளிடம் போவேன். இரண்டு பேரும் ஒன்றாகக் கடலில் இறங்குவோம். தண்ணீருக்குக் கீழே ஒருவருக்கும் பாஷை இல்லை, எல்லாம் கைச்சாடைதான். அவள் ஒரு நண்டைக் காட்டுவாள். நான் ஒரு மீனைக் காட்டுவேன். என் காற்று எவ்வளவு மிச்சம் என்று கிட்ட வந்து மீற்றரைப் பார்ப்பாள். இந்த ஒரு கிழமையை நினைத்துக்கொண்டுதான் மிச்ச வருஷம் முதுகுநோவோடு வேலைக்குப் போகிறேன்.

சட்டை இல்லையென்றால் அந்தக் கிழமை இல்லை. விளங்குதுதானே?

2

நான் யாரென்று தெரியாத ஆக்களுக்காக ஒரு வார்த்தை. படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் முழுதாய் இல்லை. ஆனால் எங்கள் கரையில் வலை கல்லில் மாட்டினால், மீசை வைத்த பெரிய ஆம்பிளையள் எல்லாம் "மரியதாஸ் எங்கை? அவனைக் கூட்டிவா" என்றுதான் கேட்பார்கள். எனக்கு அப்போது மீசை அரும்பவில்லை. கல்லில் மாட்டின வலையை இழுத்தால் கிழியும். கீழே போய்ப் பொறுமையாய் வலைக்கண் ஒவ்வொன்றாய்க் கழற்றவேண்டும். அந்தப் பொறுமையும் அந்த மூச்சும் எங்கள் மீன்வாடியில் எனக்கு மட்டும்தான் இருந்தது. சந்தேகம் என்றால் போய்க் கேட்டுப்பாருங்கள், இன்னும் இரண்டொரு கிழவர் உயிரோடு இருக்கினம்.

சண்டைக்காலத்தில் வெளிக்கிட்டு வந்து சேர்ந்தது இந்தக் குளிருக்குள். முதல் வேலை மீன் வெட்டுகிற பக்டரி. எங்களூர்ப் பெடியள் கனபேர் அங்கே நின்றார்கள். வெட்டினார்கள், வெட்டினார்கள், ஓய்வூதியம் வரும்வரை வெட்டினார்கள். நான் அப்படி இருக்கவில்லை. பக்டரிக்காரரிடம் கடலில் மீன் வளர்க்கிற பெரிய வலைக்கூடுகள் இருந்தன. ஒருநாள் கூட்டு வலை கிழிந்துபோச்சு, சுழியோடுகிறவன் வரவில்லை, முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "நான் இறங்குறன்" என்றேன். சிரித்தான். இன்றைக்கு அந்தப் பகுதியில் மீன்கூடு வைத்திருக்கிற வெள்ளைக்காரர் எல்லாருக்கும் என் பெயர் தெரியும். சரியாக உச்சரிக்கத் தெரியாது, அது வேறு கதை.

சும்மா இறங்க விடமாட்டார்கள், சோதனை பாஸ் பண்ணவேணும். தலையணை அளவு புத்தகம். நிரோஜா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. குசினி மேசையில் இருந்து ஒவ்வொரு பக்கமாய் வாசித்து, அமுக்கம், காற்று, இரத்தம் என்று தமிழில் எனக்கு விளங்கப்படுத்தினாள். தெரியாத சொல்லுக்குப் படம் கீறிக் காட்டினாள். அவள் கடலுக்குப் போனது அந்தப் புத்தகத்தால்தான் என்று நான் எல்லாருக்கும் சொல்கிறனான். அவள் இல்லை என்கிறாள்.

இவ்வளவு காலமும் நான் போட்டது பிறத்தியாருடைய சட்டை. கொம்பனி வாங்கிப் போட்டதெல்லாம் பனை மாதிரி வளர்ந்த நோர்வேக்காரருக்குத் தைத்தது. நான் கட்டை. நெஞ்சு அகலம், கால் சின்னன், கழுத்து மெல்லிசு. சப்பாத்துக்குள் மூன்று சோடி மேஸ் காலுறை அடைந்து, கழுத்தில் றப்பர் பட்டி சுற்றி, ஒருமாதிரிச் சமாளித்தேன். வாடகைச் சட்டையும் அந்த வகைதான். அறுபது கடந்தபிறகு முதன்முதலாய் என் உடம்புக்கென்று ஒரு சட்டை.

முல்லைத்தீவில் இருக்கிற தம்பி யேசுதாசனுக்குப் போனில் சொன்னேன்.

"என்ன அண்ணை, கடலுக்கை போக அளவெடுத்துச் சட்டை தைக்கிறியோ? கலியாண வீடே அங்கை?"

"குளிரடா."

"குளிரெண்டால் வீட்டிலை இரன். உனக்கு என்ன வயசு?"

"உன்னை விட ரெண்டு வயசு கூட. ஆனால் உன்னைப் போல கரையிலை குந்தியிருந்து மற்றவன்ரை வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கேல்லை."

அங்கே மழை பெய்கிறது என்று அவன் கதையை மாற்றினான்.

3

முதலில் டொக்டர். இந்த நாட்டில் கடலுக்கும் கடதாசி வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஊதிக் காட்டி, ஓடிக் காட்டி, காது காட்டி, "இவன் இறங்கலாம்" என்று ஒரு டொக்டர் கையெழுத்து வைக்கவேண்டும். என் பழைய டொக்டர் இளைப்பாறிவிட்டார். புதிசு ஒரு பொம்பிளைப்பிள்ளை, என் மகளைவிட வயசு குறைவு. எப்போது தொடக்கம் சுழியோடுகிறேன் என்று கேட்டாள்.

"பல்லு முளைக்க முதல்."

"பல்லு முளைத்தது எந்த வருஷம்?" என்று நேராய்க் கேட்டாள். பகிடி இல்லை. இவர்களுக்குப் பகிடி விடுகிறது பெரிய பாடு.

பிறகு பிறெஷர் பார்த்தாள். ஒருக்கால் பார்த்துவிட்டு, என்னைச் சும்மா கதிரையில் இருத்தி, திரும்பப் பார்த்தாள். "இந்த வருஷத்துக்குத் தரலாம். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றாள். முப்பது வருஷமாய் ஒருத்தரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் நான் முதல் வசனத்தை மட்டும்தான் சொன்னேன்.

பிறகு கடை. சுழியோடுகிற சாமான் விற்கிற கடையில் ஸ்தியான் என்று ஒரு பெடியன், தாடி வைத்தவன், நல்லவன். சட்டையொன்று தைப்பிக்கப் போனவனிடம் அவன் கேட்ட கேள்விகளைக் கலியாணத்துக்குப் பெண் பார்க்கும்போதும் கேட்கமாட்டார்கள்.

துணி என்ன? தடித்த றப்பர்ப் பஞ்சு ஒன்று, அது தானே சூடு தரும், ஆனால் பாரம், காய நாள் எடுக்கும். மற்றது மூன்று படை ஒட்டின மெல்லிய துணி, பாரமில்லை, கெதியாய்க் காயும், ஆனால் சூடு தராது, உள்ளுக்குக் கம்பளி போடவேண்டும். மெல்லிசு என்றேன். பாரம் தூக்குகிற காலம் போய்விட்டது என்று அவனுக்குச் சொல்லவில்லை.

சிப் முதுகிலா, முன்னாலா? முதுகில் என்றால் இன்னொருவர் வந்து பூட்டிவிடவேண்டும். "முன்னாலை. எனக்கு ஆரும் பூட்டிவிடத் தேவையில்லை."

கழுத்துக்கு என்ன? பலூன் மாதிரி மெல்லிய றப்பர் என்றால் தண்ணீர் ஒரு சொட்டும் வராது, ஆனால் கழுத்தைப் பிடிக்கும். காலுக்கு ஒட்டின சப்பாத்தா, மேஸ் மாதிரி வைத்து மேலால் சப்பாத்துப் போடுவதா? நிறம் என்ன? சிவப்பு என்றேன். தம்பிக்குப் படம் அனுப்பினால் கண்ணில் குத்தவேணும்.

கடைசியாக ஸ்தியான் குரலைத் தணித்தான். மூத்திரக் குழாய் வைக்கவோ என்று கேட்டான். கனநேரம் கீழே நிற்கிறவர்களுக்குச் சட்டைக்குள்ளால் ஒரு குழாய் வைத்து வெளியில் விடுவார்களாம்.

"உன் தகப்பனிட்டை இப்பிடிக் கேப்பியோ?"

"அப்பாவின்ரை சூட்டிலை இருக்கு" என்றான்.

வைக்கச் சொன்னேன். இந்த வயசில் வெட்கம் பார்த்து என்ன?

எல்லாம் முடிந்தபிறகு, "செவ்வாய்க்கிழமை வாருங்கள், அளவெடுப்போம்" என்றான். நான் விடவில்லை. "என்ரை மனிசி தையல்காரி. உன்னைவிட வடிவாய் அளப்பா. தாளைத் தா." அவனுக்கு மனமில்லை. தாளை நீட்டிக்கொண்டு சொன்னான்: நாடாவை உடம்போடு ஒட்டப் பிடித்து அளக்கவேண்டும், ஒன்றும் கூட்டவேண்டாம், கம்பளிக்கு எவ்வளவு கூட்டவேண்டுமோ அதைத் தைக்கிற இடத்தில் அவர்களே கூட்டுவார்கள். நான் வாசல் மட்டும் போனபிறகு பின்னால் வந்து திரும்பவும் சொன்னான். வெளிநாட்டில் கனகாலம் இருந்தவன் தலையாட்டுகிற ஒரு விதம் இருக்கிறது. அப்படி ஆட்டினேன்.

4

என் மனிசி பிலோமினா கலியாணத்துக்கு முதல் முல்லைத்தீவுக்குக் கிட்ட தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு தையல் கடையில் இருந்தவள். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கமுதல் அந்தக் கடையில் வெள்ளைத் துணி மலை மாதிரிக் கிடக்குமாம். ஆறாம் வகுப்புக்குத் தைத்த சட்டை எட்டாம் வகுப்புவரை காணவேண்டும், அதுதான் தாய்மார் சொல்லுகிற அளவு. உள்ளுக்குள் மடிப்பு விட்டு, கீழே கரை விட்டு, பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடுவது. நாடாவுக்குள் இரண்டு விரலை விட்டுத்தான் அளப்பாள். விரல் போகாத அளவை அவள் அளவென்றே கணக்கில் எடுக்கமாட்டாள்.

குசினிக்கு நடுவில் என்னை நிறுத்தினாள்.

"கையை உயத்துங்கோ. வயித்தை உள்ளை இழுக்காதேங்கோ, இஞ்சை ஆருக்குக் காட்டுறியள்?"

"இழுக்கேல்லை. என்ரை வயிறு அப்பிடித்தான்."

"நாப்பத்திரண்டு வருஷமா நான் பார்க்காத வயிறே. விடுங்கோ மூச்சை."

விட்டேன்.

"இந்த வயசிலை ஆளை நிமித்தி வைச்சு அளக்கிறதெண்டால் பெட்டி செய்யத்தான் அளப்பினம். இவருக்குக் கடலுக்கை போகவாம்."

"அளவைச் சொல்லடியப்பா. இஞ்சேர், ரெண்டு விரலை எடு. பெடியன் ஒட்டப் பிடிச்சு அளக்கச் சொன்னவன்."

"அவன் சொல்லுவான். உடுப்பெண்டால் ஆள் குனிஞ்சு நிமிர வேண்டாமோ? நான் தைச்ச சட்டை ஒண்டாவது இறுக்கமெண்டு திரும்பி வந்ததோ? ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

வந்ததில்லை. அது உண்மை. அவள் இரண்டு விரல் விட்டு அளந்து சொன்னாள். நான் தாளில் எழுதினேன். எழுதும்போது என் கை சும்மா இருந்ததோ? உள்ளே போடுகிற கம்பளி தடிப்பு, அதை நான் அறிவேன், இந்தப் பெடியன் என்னத்தை அறிவான்? ஒவ்வொரு இலக்கத்துக்கும் கொஞ்சம் ஏற்றினேன். பெரிசாய் வந்தால் பிடிக்கலாம். சின்னதாய் வந்தால் போட்ட காசு கடலில்.

இது எங்கள் ஆட்களின் கைப்பழக்கம். உலையில் அரிசி போட்டாலும் வராத ஆளுக்கும் ஒரு பிடி சேர்த்துப் போடுவோம். விமானத்துக்கு நாலு மணித்தியாலம் முந்திப் போய்க் கதிரையில் இருப்போம். சொன்ன அளவு சரியான அளவு என்று எங்களுக்கு ஒருநாளும் நம்பிக்கை வந்ததில்லை. சரியாய் அளந்து வைத்த எதுவும் எங்களுக்குக் காணாமல்தான் போனது, அதாலையாக்கும்.

தைக்கிற இடத்தில் அவர்கள் தங்கள் பங்குக்கு மூன்றாம் தரம் கூட்டினார்கள்.

5

சட்டை ஆடி மாதம் வந்தது. சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு. போட்டேன், சிப்பை நானே பூட்டினேன், குந்தினேன், எழும்பினேன். ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை. எத்தனை வருஷம் கழித்து முழங்கால் மடங்குகிற சட்டை! ஸ்தியான் தொடைப்பக்கத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, துறைமுகத்தில் ஒருக்கால் இறங்கிப் பார்ப்போம் என்றான். "முப்பது வருஷம் இறங்கினவன் நான். எனக்குத் துறைமுகத்திலை பழக்கப்போறியோ?" என்று மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பிக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அண்ணை, உதுக்குள்ளை இன்னுமொராள் இருக்கலாம் போல கிடக்கு."

"காத்துக்கு இடம் வேணுமடா. உனக்கு விளங்காது."

ஆவணியில் தீவுக்குப் போனேன். நிரோஜா இறங்குதுறைக்கு வந்து நின்றாள். கட்டிப்பிடித்தாள், கெதியாய் விட்டாள். அடுத்தநாள் காலை அவள் வீட்டுக்கு முன்னால் கடலுக்குள் நீண்ட மரப்பாலத்தில் நின்று சட்டையைப் போட்டேன். அவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். என் முழங்காலடியில் குந்தியிருந்து துணியைப் பிடித்தாள். கைநிறைய வந்தது.

"அப்பா, இதை ஆர் அளந்தது?"

"அம்மா."

"அம்மாவோ..." என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்ததை நான் கண்டேன். நான் அவளுக்கு முந்திக்கொண்டு முகமூடியைப் போட்டேன்.

"சரி. கரையோட மட்டும். நான் பக்கத்திலை நிப்பன்" என்றாள்.

இறங்கினோம். நின்ற நிலையில் இறங்கும்வரை ஒரு குறையும் இல்லை. ஒரு வீட்டுக் கூரை உயரம் போயிருப்போம். முன்னால் ஒரு கல்லிடுக்கில் நண்டு. அவளுக்குக் காட்டவென்று தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான்.

சட்டைக்குள் இருக்கிற காற்று எப்போதும் உயரத்தைத் தேடும். நான் குனிய, கால் உயர, நெஞ்சில் நின்ற காற்றெல்லாம் காலுக்கு ஓடிற்று. இறுக்கமான சட்டையென்றால் அங்கே போய் நிற்க அதற்கு இடமில்லை. என் சட்டையில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. இரண்டு காலும் ஊதிப் பெருத்தன. கோழியைக் காலில் பிடித்துத் தூக்குவது போல என்னைத் தலைகீழாய்த் தூக்கிக்கொண்டு மேலே போகத் தொடங்கிற்று. காற்றை வெளியே விடுகிற வால்வு தோளடியில் இருக்கிறது. தோள் கீழே, காற்று மேலே, அதைத் திறந்து என்ன பலன்? உருண்டு நிமிர்கிற வித்தை எனக்குத் தெரியும். நூறு பேருக்குச் செய்து காட்டினவன். அன்றைக்கு வயிறு மடங்கவில்லை.

நிரோஜா என் கணுக்காலைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து, தன் பாரம் முழுவதையும் போட்டுக் கீழே இழுத்து, என்னைத் திருப்பி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தாள். முகமூடிக் கண்ணாடிக்குள் அவள் கண் தெரிந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

பாலத்தில் இரண்டு பேரும் இருந்தோம். என் சட்டைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதைச் சொன்னேன். அவள் முதலில் நோர்வேஜியனில் ஏதோ சொன்னாள், கெதியாய், எனக்குப் பிடிபடவில்லை. பிறகு தமிழில் சொன்னாள்.

"இனி இல்லை அப்பா."

"பிடிச்சுத் தைச்சால் சரிவரும்."

"ஓம், திருப்பி அனுப்பினால் பிடிச்சுத் தருவினம். பனிக்காலம் வந்திடும். அடுத்த ஆவணிக்குப் பாப்பம்."

"அடுத்த ஆவணிக்கு டொக்டர் விடுவாவோ தெரியாது" என்றேன். சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தது, வாயால் வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். சட்டையின் கழுத்தை என் தலைக்கு மேலால் இழுத்துக் கழற்ற உதவினாள்.

பின்னேரம் பிலோமினா போன் எடுத்தாள். நிரோஜா முதலே சொல்லியிருக்கிறாள்.

"நான் ரெண்டு விரல் விட்டதாலையோ அப்பா?" பிலோமினாவின் குரல் நல்லாய் இல்லை.

"நானும் விட்டனான். அவங்களும் விட்டவங்கள். நீ போய்ப் படு."

6

அடுத்தநாள் நிரோஜாவுக்கு வேலை. நான் வீட்டில் இருந்து ஜன்னலைப் பார்க்கலாம் என்றிருந்தேன். கோப்பி குடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, கயிறு பிடிக்க வாறீங்களோ? வழமையாப் பிடிக்கிறவ இண்டைக்கு இல்லை."

அவளுடைய வேலையில் ஒராள் மட்டும் கீழே இறங்குவார். உடம்பில் கயிறு கட்டியிருக்கும். மற்ற நுனியைப் படகில் ஒராள் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். நான் கூடுகளில் வேலை செய்ததும் அப்படித்தான். ஆனால் எப்போதும் கீழ் நுனி என்னுடையது. மேல் நுனியைப் பிடிப்பது சுழியோடத் தெரியாதவன் அல்லது சுழியோடி முடிந்தவன்.

"முப்பது வருஷம் கீழை நிண்டவனை மேலை நிண்டு கயிறு பிடிக்கச் சொல்லுறியோ?"

"ஓம்" என்றாள். "வாறீங்களோ, இல்லையோ?"

போனேன். வேறென்ன செய்ய?

படகோட்டி ஒலாவ் என்று ஒரு பெரிய உடம்புக்காரன். அதிகம் கதைக்கமாட்டான். கயிற்றின் பாஷை எல்லாருக்கும் ஒன்றுதான். மேலேயிருந்து ஒரு தரம் இழுத்தால் "சுகமோ?" என்று கேள்வி. கீழேயிருந்து ஒரு தரம் இழுபட்டால் "சுகம்". இரண்டு தரம் என்றால் கயிறு விடு. நிறுத்தாமல் இழுபட்டால் தூக்கு.

அவள் இறங்கினாள். நான் இழுத்தேன். அவள் இழுத்தாள். சுகம். கொஞ்சம் பொறுத்து, முந்தின நாள் நடந்தது ஞாபகம் வர, திரும்ப இழுத்தேன். சுகம். குமிழி வேறு பக்கம் வருவது போல இருந்தது, இழுத்தேன். சுகம். ஒலாவ் என்னைத் திரும்பிப் பார்த்தான். இழுத்தேன்.

அவள் மேலே வந்தாள். வாயில் இருந்ததைத் துப்பின கையோடு தொடங்கினாள்.

"அப்பா! நான் கீழை பாசித் தண்டு எண்ணுறன். நீங்கள் இழுக்க இழுக்க எனக்கு எண்ணிக்கை மாறுது. மூண்டு தரம் முதலிலையிருந்து எண்ணியாச்சு!"

"சுகமோ எண்டுதானே கேட்டனான்."

"சுகம்! சுகம்! சுகம்! காணுமோ?"

ஒலாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தான். அவளும் சிரித்தாள், கோபத்தோடு. நான் சிரிக்கவில்லை. எனக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

திரும்ப இறங்கினாள். நான் இழுக்கவில்லை.

இழுக்காமல் நிற்பது சுழியோடுவதைவிடக் கஷ்டம். கயிறு ஈரம், குளிர், கை விறைத்தது. முதுகு தன் பாட்டைத் தொடங்கிற்று. கயிறு மெல்ல என் உள்ளங்கைக்குள்ளால் போனது. போகவிட்டேன். நின்றது. அவளும் நிற்கிறாள். கொஞ்சம் பக்கவாட்டில் சரிந்தது. ஒரு கல்லைச் சுற்றுகிறாள். மெல்ல நடுங்கிற்று. முழங்காலில் நின்று எழுதுகிறாள். இது எல்லாம் மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த நுனியில் தொங்கினவனுக்குத்தான் தெரியும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று நான் பார்க்கவில்லை. ஒலாவ் கோப்பி ஊற்றித் தந்தான், வாங்க எனக்குக் கை இல்லை. பக்கத்தில் வைத்தான், ஆறிப்போச்சு.

அப்போது கயிறு ஒரு தரம் இழுபட்டது.

நான் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எங்கேயிருந்து பதில்? பிழையாய் உணர்ந்தேன் என்று நினைத்தேன். திரும்பவும், ஆறுதலாய், ஒரு தரம். கீழே நிற்கிறவர் மேலே நிற்கிறவரைச் சுகம் கேட்கிற வழக்கம் அந்த வேலையில் இல்லை. முப்பது வருஷத்தில் நான் மேலே நின்ற ஒருத்தனையும் அப்படிக் கேட்டதில்லை.

"என்னவாம்?" என்றான் ஒலாவ்.

"சுகம் கேக்கிறாள்" என்றேன். தமிழில்தான் வந்தது.

முதுகைப் பற்றியும், டொக்டர் இரண்டு தரம் பிறெஷர் பார்த்ததைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் கயிற்றால் சொல்ல வழியில்லை. அதுக்கு ஒரு பதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து, ஒரு தரம் இழுத்தேன்.